எண்ணூறு மில்லி எண்ணெய்க்கு மூன்று வாரம்

கோத்தகிரிக்குக் கீழே, தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கும் சரிவில் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. பறித்த பச்சை இலையை மூட்டை கட்டி, ஃபேக்டரி லாரி வந்து நிற்கும் மேல்சாலைவரை ஏற்றிச் செல்வதற்காகவே, மூன்று கைகள் மாறி வந்த ஒரு மாருதி ஜிப்சி கிங்கை வாங்கினேன். சாதாரணச் சாலையில் அதன் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். மழைச் சேற்றில் ஃபோர் வீல் போட வேண்டும். தோட்டத்தின் கடைசி வளைவில் மூட்டைகளோடு ஏறும்போது, வேகம் குறைந்து இழுவை கூடும் லோ நிலையைப் போட்டால்தான் கிளட்ச் பிழைக்கும். இந்த மூன்று நிலைகளையும் மாற்றித் தருவது, கியர்பாக்ஸுக்குப் பின்னால் தனியாகத் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதற்குள் எந்த எண்ணெயை ஊற்றுவது என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

தொல்லை ஒரு ஜனவரிக் காலையில் தொடங்கியது. புல்லின்மேல் பனி வெளுத்துக் கிடந்த நேரம். வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுவதும் மிதித்து, சின்ன லீவரை லோவுக்கு இழுத்தேன். அது பாதி தூரம் வந்து, களிமண்ணில் குத்திய கம்பியைப் போல நின்றுவிட்டது. வண்டியை இரண்டடி முன்னால் உருட்டி மறுபடியும் இழுத்தால் பல்லோடு பல் உரசும் சத்தம் மட்டுமே கேட்டது. அன்று பதினொரு மணிக்கு, டவுனுக்குப் போய்த் திரும்பிய பிறகு, அதே லீவர் இரண்டு விரலுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் கவனித்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தால் அடம், சூடானால் சாதுவாகிவிடும். லீவரின் அடிமூட்டுகளுக்குக் கிரீஸ் வைத்தும் மாற்றமில்லை என்றானபின், உள்ளே இருக்கும் எண்ணெயின்மேல் சந்தேகம் வந்தது.

வண்டிக்கு அடியில் படுத்து, பக்கவாட்டில் இருக்கும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றி, சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஆறிய வெல்லப்பாகு போன்ற கருத்த எண்ணெய் விரலிலிருந்து சொட்ட மனமில்லாமல் நூலாக நீண்டது. தீக்குச்சி கொளுத்தியதைப் போன்ற கந்தக வாடை கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் போகவில்லை. முன்பு வைத்திருந்தவரைக் கேட்டதில், ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் 'சத்தம் கேட்காமல் இருக்க' 140 நம்பர் தடித்த கியர் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள் என்றார்.

இனி யோசனை கேட்கும் படலம். எஸ்டேட் ஜீப்புகளோடேயே வாழ்ந்து வயதான ஒரு மெக்கானிக் அண்ணன், "ஜீப்புக்கு ஒன் ஃபார்ட்டிதான் தம்பி நிக்கும், மெலிசா ஊத்தினா சீல் வழியா ஒழுகிடும்" என்றார். கோயம்புத்தூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், ஜிஎல்-5 என்று தரம் அச்சிட்ட கியர் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வைத்து, "நாலை விட அஞ்சு ஒசத்தி சார், இதையே எல்லாத்துக்கும் போடலாம்" என்றார். வேறொரு ஃபோர் வீல் வண்டி வைத்திருக்கும் நண்பரோ, டிரான்ஸ்ஃபர் கேஸில் கியர் எண்ணெயே ஊற்றக் கூடாது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான சிவப்பு ஏடிஎஃப் மட்டுமே ஊற்ற வேண்டும் என்று அடித்துச் சொன்னார். மூவரும் அனுபவசாலிகள், எனக்கு நல்லது நினைப்பவர்கள். மூன்று பேர் சொன்னதும் மூன்று வெவ்வேறு வண்டிகளுக்கான உண்மைகள் என்பது பிறகுதான் புரிந்தது.

நண்பர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். இப்போதைய ஃபோர் வீல் வண்டிகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் அகலமான ஒரு செயின்தான் முன்சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகிறது. உள்ளேயே ஒரு சின்ன பம்ப் எண்ணெயை உறிஞ்சி மேலே இருக்கும் உறுப்புகளுக்கு அனுப்புகிறது. ஜீப் செரோக்கியில் வந்த என்பி 231 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, அதற்கு ஏடிஎஃப்தான். செயினின் இணைப்புகளுக்குள் நுழையவும் பம்பின் குறுகிய வழிகளில் ஓடவும் மெல்லிய திரவம் வேண்டும் என்பதால், அங்கே தடித்த கியர் எண்ணெயை ஊற்றினால் கெடுதல்தான். ஆனால் ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேஸில் செயினும் கிடையாது, பம்பும் கிடையாது. பற்சக்கரங்கள் தாங்களே எண்ணெயில் முங்கி, அதை வாரி இறைத்து, மற்றவற்றை நனைத்துக்கொள்கின்றன.

இன்னொரு விஷயம் எனக்கே வியப்பாக இருந்தது. பெரும்பாலான வண்டிகளில், சாதாரண ஓட்டத்துக்கான ஹை நிலையில் சக்தி டிரான்ஸ்ஃபர் கேஸின் வழியாக நேராக, 1-க்கு 1 விகிதத்தில் போய்விடும், பற்சக்கரங்களுக்குச் சுமை இருக்காது. ஜிப்சி கிங்கில் ஹை நிலையின் விகிதமே 1.409, லோ நிலையில் 2.268. அதாவது தார்ச்சாலையில், பின்சக்கரம் மட்டும் இழுக்கும்போதுகூட, சக்தி உள்ளே வரும் தண்டிலிருந்து இடைத்தண்டுக்கு இறங்கி, அங்கிருந்து வெளியே போகும் தண்டுக்கு ஏறித்தான் போகிறது. ஃபோர் வீலே போடாதவர்களின் ஜிப்சியிலும் அந்தப் பெட்டி ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஜிப்சிக்கே உரிய அந்த ஊளைச் சத்தமும் அங்கேதான் பிறக்கிறது. "நான் ஃபோர் வீல் போடுவதே இல்லை, அதில் எண்ணெய் மாற்றி என்ன ஆகப் போகிறது" என்பவர்களைப் பார்க்கும்போது, இப்போதெல்லாம் எனக்கு வாய் சும்மா இருப்பதில்லை.

மெக்கானிக் அண்ணனின் 140 எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு மாலை அவரோடு டீ குடித்தபடியே தெரிந்துகொண்டேன். அவர் கை பழகிய பழைய ஜீப்புகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸின் முதுகோடு சேர்த்து போல்ட் போட்டிருக்கும். பல லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த அந்தப் பெட்டிகளில், சத்தத்தையும் ஒழுகலையும் அடக்க அவர்கள் கண்ட கை வைத்தியம் 140. ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனிப்பெட்டி. கியர்பாக்ஸிலிருந்து ஒரு குட்டை ஷாஃப்ட் மட்டுமே அதற்கு வருகிறது. அதன் எண்ணெய் அதற்கு மட்டும்தான். கியர்பாக்ஸ் எண்ணெயைப் பார்த்துவிட்டு இதையும் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொள்ள முடியாது.

நம்பர்களைப் பற்றி எனக்கிருந்த பெரிய தவறான எண்ணமும் இந்தத் தேடலில்தான் உடைந்தது. 90 என்றால் 20டபிள்யூ-50 எஞ்சின் எண்ணெயைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிப்பு என்று நம்பியிருந்தேன். இரண்டுக்கும் அளவுகோலே வேறு. எண்ணெயின் தடிப்புக்கு எண் கொடுக்கும் எஸ்ஏஇ தரப்படி, 100 டிகிரி செல்சியஸில் 90 நம்பர் கியர் எண்ணெயின் பிசுபிசுப்பு 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் (பிசுபிசுப்பை அளக்கும் அலகு) வரை. எஞ்சின் எண்ணெயில் 40-இன் எல்லை 12.5 முதல் 16.3 வரை, 50-இன் எல்லை 16.3 முதல் 21.9 வரை. ஆக 90 என்பது 40-க்கும் 50-க்கும் பக்கத்து வீடு. 140-தான் 24-க்கு மேலே போகிறது. அதுவும் சூட்டில்தான் இந்த நிலை. குளிரில் 140 எப்படி இருக்கும் என்பதை என் சுண்டுவிரல் ஏற்கெனவே சொல்லிவிட்டது. குளிருக்கான குறிப்பு, டபிள்யூ சேர்ந்த முன் எண்ணில் இருக்கிறது. 80டபிள்யூ எண்ணெய் மைனஸ் 26 டிகிரியிலும், 75டபிள்யூ மைனஸ் 40 டிகிரியிலும் குறிப்பிட்ட தடிப்பைத் தாண்டக் கூடாது. கோத்தகிரியில் அந்தக் குளிர் ஒருநாளும் வரப்போவதில்லை. இருந்தாலும் விடியற்காலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும் வெப்பநிலையிலும், பிற்பகலில் மேட்டுப்பாளையம்வரை சுமார் 33 கிலோமீட்டர் இறங்கி ஏறும் சூட்டிலும் ஒரே எண்ணெய் வேலை செய்ய வேண்டுமானால், இரண்டு எண்களும் உள்ள எண்ணெய்தான் சரிப்படும்.

மிஞ்சியது நாலா ஐந்தா என்பது. ஏபிஐ என்ற அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் தரத்தில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை பரீட்சை மதிப்பெண்கள் அல்ல, வேலைப் பிரிவுகள். கிரவுன் வீல், பினியன் என்ற இரண்டு பற்சக்கரங்களும் அச்சு விலகி, ஒன்றின்மேல் ஒன்று சறுக்கியபடியே கடிக்கும் ஹைபாய்ட் வகை டிஃபரன்ஷியலில் (இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி), எண்ணெய்ப் படலம் அழுத்தத்தில் கிழிந்துவிடும். அங்கே உலோகத்தோடு உலோகம் ஒட்டாமல் காக்கக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் அதிகம் வேண்டும். ஜிஎல்-5-இல் அது ஜிஎல்-4-இல் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே சேர்மானம் பித்தளை, வெண்கலத்தை அரிக்கக்கூடும். கியர்பாக்ஸில், கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருக்கின்றன, அவை பிடிப்பதற்குக் கொஞ்சம் உராய்வும் வேண்டும். ஜிஎல்-5 அங்கே இரண்டு வகையிலும் இடைஞ்சல்.

ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேஸில் சிங்க்ரோ வளையம் கிடையாது. அதனால்தானே லோ போட வண்டியை நிறுத்தச் சொல்கிறார்கள்! ஆகவே அதில் ஜிஎல்-5 ஊற்றினால் கியர்பாக்ஸுக்கு நேர்வது போன்ற சேதம் உடனே நேராது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அங்கே ஹைபாய்ட் பல் எதுவும் இல்லாதபோது, அதற்கான மருந்தைக் கூடுதலாகக் கொடுப்பதில் ஆதாயமும் இல்லை. தெரிந்தவர் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கிய ஜிப்சி கையேடும் அதையே சொன்னது: கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஜிஎல்-4, டிஃபரன்ஷியல்களுக்கு மட்டும் ஹைபாய்ட் எண்ணெயான ஜிஎல்-5. முதல் நாளே அந்தப் புத்தகத்தைத் தேடியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். ஆனால் காரணம் தெரியாமல் புத்தகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போயிருந்தால், அந்தக் கடைக்காரர் என்னை ஐந்து நிமிடத்தில் மடக்கியிருப்பார்.

வாங்குவதும் எளிதாக இருக்கவில்லை. கேட்ட இடங்களிலெல்லாம் மூன்று வகைதான் எடுத்துக் காட்டினார்கள். ஒன்று 'இபி 90', அது ஜிஎல்-4தான், ஆனால் டபிள்யூ இல்லாத ஒற்றை எண். இன்னொன்று 80டபிள்யூ-90, ஆனால் ஜிஎல்-5. மூன்றாவது 85டபிள்யூ-140, நான் விரட்ட நினைத்த அதே பூதம். 'ஜிஎல்-4/ஜிஎல்-5' என்று இரண்டையும் அச்சிட்ட ஒரு பாட்டிலும் கிடைத்தது. இரண்டு பெயர் வைத்துக்கொண்டவரிடம் கடன் கொடுப்பதைப் போலத் தயக்கமாக இருந்ததால் அதை விட்டுவிட்டேன். நான்காவது கடையில், முன்பக்கப் பெரிய எழுத்தைப் பார்க்காமல் பின்பக்கச் சிற்றெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்து, 80டபிள்யூ-90, ஜிஎல்-4 மட்டும் என்றிருந்த இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்களை வாங்கினேன். பெட்டிக்கு வேண்டியது 0.8 லிட்டர்தான். மற்றது எதற்கு என்பதற்கு வருகிறேன்.

மாற்றுவதற்கு முன் வண்டியைப் பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்திக் கட்டை வைத்தேன். முதலில் மேல் பிளக்கைக் கழற்றிவிட்டே கீழ்ப் பிளக்கில் கை வைக்க வேண்டும். எண்ணெயை வடித்துவிட்டு மேல் பிளக் அசையவில்லையென்றால், காலிப் பெட்டியோடு வண்டி அங்கேயே கிடக்கும். வடிந்த எண்ணெயில் ஒரு காந்தத்தை மெதுவாக ஓட்டினேன். சாம்பல் நிறத்தில், விபூதியைக் குழைத்தது போன்ற பசை மட்டும் ஒட்டியது. அது தேய்மானத்தின் இயல்பான பொடி. பல்லின் சில்லோ ஊசி போன்ற துண்டோ இருந்திருந்தால் எண்ணெயைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பிரிக்க வேண்டியிருக்கும். ஓடையில் இறங்கும் வண்டிகளில் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். என்னுடையது கறுப்பாகவே இருந்தது.

பழைய 140-இன் மிச்சம் உள்ளே சுவர்களில் ஒட்டியிருக்கும் என்பதால், முதல் பாட்டிலை ஊற்றி ஒரு வாரம் ஓட்டி வடித்துவிட்டு, இரண்டாவதை நிரந்தரமாக ஊற்றினேன். கொஞ்சம் ஊதாரித்தனம்தான். ஃபில்லர் துளை பக்கவாட்டில் இருப்பதால் பாட்டிலை நேரே கவிழ்க்க இடமில்லை. எஞ்சின் பக்கத்திலிருந்து ஒரு கெட்டியான பிளாஸ்டிக் குழாயை இறக்கி, மேலே புனல் வைத்து மகன் ஊற்ற, நான் கீழே படுத்து, துளையின் கீழ்விளிம்பில் எண்ணெய் எட்டி மெல்ல வழியத் தொடங்கியதும் நிறுத்தச் சொன்னேன். பிளக்கின் மரையில் சீலன்ட் தடவி முறுக்கினேன். பெட்டியின் மூச்சுக்குழாயையும் ஊதிப் பார்த்தேன். அது அடைத்திருந்தால் சூட்டில் ஏறும் காற்றழுத்தம் எண்ணெயைச் சீல்களின் வழியாகத் தள்ளிவிடும்.

மறுநாள் விடியற்காலையே வளைவுக்குப் போனேன். லீவர் ஒரே இழுப்பில் லோவில் போய் உட்கார்ந்தது. நான்காவது நாள் பின்பக்க ஷாஃப்டின் அடியில், தரையில் ஐம்பது பைசா அளவுக்கு ஒரு எண்ணெய்ப் பொட்டு. தேய்ந்த சீலை 140 தன் தடிப்பால் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்திருக்கிறது. மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "சொன்னேன்ல தம்பி" என்று சிரித்தார். அவர் சொன்னது சரிதான். ஆனால் ஒழுகும் சீலுக்கு மருந்து புதுச் சீல்தான் என்பதை அவரும் மறுக்கவில்லை, அவரே அதை மாற்றியும் கொடுத்தார். ஊளைச் சத்தம் முன்பைவிடச் சற்றுக் கூடியிருக்கிறது. அதோடு சமாதானமாகிவிட்டேன். பானெட்டின் உட்புறத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் தேதியையும் கிலோமீட்டரையும், அதற்குக் கீழே '80டபிள்யூ-90, ஜிஎல்-4' என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன், வண்டி ஐந்தாவது கைக்குப் போகும் நாளில் அவருக்கு உதவும்.