நேற்று காலையிலிருந்து சொல்லுங்கள்

அயர்லாந்தில் உணவியல் நிபுணராக வேலைக்குச் சேர்ந்த புதிது. நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், ஓயாத அசதி என்று வந்தார். இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும் என்று ஈரல், கீரை எல்லாம் எழுதத் தொடங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்த மூத்த சக ஊழியர் தடுத்தார். "இந்த ஊரில் ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பைப் பற்றிப் பேசாதே." உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் புரதம்தான் ஃபெரிட்டின். ரத்தப் பரிசோதனையில் அது எக்கச்சக்கமாக இருந்தது. உடம்பு இரும்பைத் தேவைக்கு மேல் சேர்த்துக்கொள்ளும் ஹீமோகுரோமடோசிஸ் என்ற பரம்பரைக் கோளாறு உலகிலேயே அதிகம் இங்கேதான். ஏறக்குறைய 83 பேரில் ஒருவருக்கு அதற்கான மரபணு இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்திருக்கிறது. அதே ஊரில் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் பலருக்கு இரும்பு போதவில்லை. அன்றிலிருந்து நான் ஊகிப்பதை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன்.

"என்ன சாப்பிடுவீர்கள்?" என்றால் "எல்லாம்தான்" என்பார்கள். "நேற்று காலை எழுந்ததிலிருந்து சொல்லுங்கள்" என்றால்தான் உண்மை வரும். கட்டட வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு மதியம் பெட்ரோல் பங்க் கடையில் சிக்கன் ஃபில்லெட் ரோல்: நீளமான வெள்ளை ரொட்டி, வெண்ணெய், மயோனைஸ், பொரித்த கோழி. கூடவே ஒரு பாக்கெட் சிப்ஸ். வயிறு நிறைந்துவிடும். ஆனால் நாளுக்கு 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்றால், அதில் எங்கே இருக்கிறது?

ஒரு பாட்டியை மறக்க முடியவில்லை. கல்யாண மோதிரம் நழுவாமலிருக்க அடியில் கம்பளி நூல் சுற்றியிருந்தார். காலையில் டீ, டோஸ்ட். மதியம் பிஸ்கட். ராத்திரி மறுபடி டீ, டோஸ்ட். பசியே இல்லையாம். கணவர் இருந்தவரை தினமும் உருளைக்கிழங்கும் கறியும் முட்டைக்கோஸும் சமைத்தவர். "ஒரு ஆளுக்காக எதற்கு அடுப்பைப் பற்றவைப்பது?" என்று என்னையே கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது.

சரி, டோஸ்ட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அதன்மேல் முட்டையோ டப்பா மத்தியோ வைத்துக்கொள்ளச் சொன்னேன். டீக்கு நடுவே ஒரு டம்ளர் கொழுப்பு எடுக்காத பால். அப்புறம் வைட்டமின் டி. இங்கே அக்டோபர் முடிந்தால் மார்ச் வரை வெயில் பட்டாலும் தோலில் அது உண்டாகாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வருடம் முழுக்க, தினமும் 15 மைக்ரோகிராம் மாத்திரை என்பதுதான் அரசின் பரிந்துரை. நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களும் வருடம் முழுக்கவே எடுக்க வேண்டும், நானும் எடுக்கிறேன்.

அந்தப் பாட்டி வந்து போன பிறகு என் கேள்விப் பட்டியலில் ஒரு வரி கூடியது: யாரோடு சாப்பிடுகிறீர்கள்?