எட்டடி உயரத்து ஹோல்

மட்டக்களப்பில் வயரிங்கும் சீலிங் வேலையும் செய்கிறவனுக்குப் பதிந்த, அதாவது சீலிங் உயரம் குறைந்த, அறைகள்தான் அதிகம் வாய்க்கும். யாரும் வேண்டுமென்று பதித்துக் கட்டுவதில்லை. 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு பலர் கிறவல் நிரப்பி நிலத்தை உயர்த்தினார்கள். அதற்கு மேல் ரைல்ஸ் பதித்தார்கள். சீற்றுக் கூரையின் வெக்கை தாங்காமல் மேலே சீலிங்கும் அடித்தார்கள். பத்தடியாக இருந்த ஹோல் இப்படித்தான் எட்டடிக்கு வந்து நிற்கிறது. அதற்குள் ஃபேனும் தொங்க வேண்டும். இறக்கை ஏழடிக்குக் கீழே வந்தால் ஆபத்து, சீலிங்கோடு ஒட்டி நின்றால் மேலிருந்து காற்றை இழுக்காமல் சும்மா சுற்றும்.

வீட்டுக்காரர் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, ஹோல் இருட்டா இருக்கு, சீலிங்கில ஒரு பத்துப் பன்னிரண்டு டவுன்லைட் போட்டு விடுங்க."

போடலாம். ஆனால் சீலிங்கில் புதைத்த லைட் கீழே மட்டும்தான் அடிக்கும். தரை பளபளக்கும், உட்கார்ந்திருப்பவரின் தலைமயிர் பளபளக்கும், முகத்தில் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். சுவரின் மேற்பகுதிக்கும் சீலிங்குக்கும் எதுவும் போய்ச் சேராது. இருட்டாக நிற்கிற சீலிங் இன்னும் இறங்கி வந்து தலையில் இடிப்பது போலிருக்கும். ஃபேனின் இறக்கை வட்டத்துக்கு மேலே ஒரு லைட் மாட்டிவிட்டாலோ கதை முடிந்தது. இறக்கை ஒளியை வெட்டி வெட்டி விட, அறை முழுக்கத் துடிக்கும், தலையிடி வரும். இப்போது எல்லோரும் சீலிங்குக்கு அடிக்கிற ஐ-பனல் என்ற பிளாஸ்ரிக் பலகையில் இன்னொரு தொல்லை: பளபளப்பான பனலில் ஒவ்வொரு பல்ப்பும் இரண்டாகத் தெரியும். நான் பளபளப்பில்லாத பனலைத்தான் சொல்வேன். கடையில் அது குறைவு, சனத்துக்கும் மினுங்கினால்தான் பிடிக்கும்.

எனக்கு இதில் கண் திறந்தது நுவரெலியாவில். பழைய பங்களா ஒன்றை விருந்தினர் விடுதியாக மாற்றும்போது வயரிங்குக்குப் போயிருந்தோம். 1868 மீற்றர் உயரம், இரவில் கை விறைத்துப் பிளையர் பிடிக்க ஏலாது. அங்கே ஹோலில் உண்மையான கணப்படுப்பு இருந்தது. புகைபோக்கிச் சுவர் அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்க, அதன் இரண்டு பக்கமும் உள்வாங்கிய மூலைகள். சீலிங் எங்கள் ஊர் வீடுகளைப் போலவே பதிவு. ஆனால் மாலையில் அடுப்பை மூட்டியதும் அந்தப் பதிவு ஒரு குறையாகவே தெரியவில்லை. ஒளி முழங்கால் உயரத்திலிருந்து கிளம்பி மேலே போனது. சுவர் வெளிச்சமாக, சீலிங்கில் மெல்லிய ஒளி அசைந்தது. அந்த விடுதியில் நடுச் சீலிங்கில் பெரிய லைட் எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டு, இரண்டு மூலைகளிலும் மேசை விளக்கும் சுவர் விளக்கும் கொடுத்தோம். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். தீச்சுடரின் நிறம் ஏறக்குறைய 1900 கெல்வின்; அதன் பக்கத்தில் 6500 கெல்வின் வெள்ளை பல்ப்பை மாட்டினால் நெருப்பே வெளிறிப் போகும். 2700 போட்டோம். வயரை அடுப்புச் சுவரை விட்டு விலக்கித்தான் கொண்டுபோனோம். அந்தச் சூட்டில் பிளாஸ்ரிக் கேசிங் நெளிந்துவிடும்.

அந்த அனுபவம் பிறகு மட்டக்களப்பில், கல்லடியில் உதவியது. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் வீடு. லண்டனிலிருக்கும் மகள் வீடியோவில் வந்து ஹோலில் ஒரு கணப்படுப்புச் சுவர் வேண்டும் என்று நின்றார். ரீச்சர் என்னைப் பார்த்து, "மனே, இந்த வெக்கைக்குள்ள நெருப்புக்குக் கிட்டப் போய் ஆர் இருக்கிற?" என்றார். நியாயமான கேள்வி. மகள் தன் வீட்டு அடுப்பையும் காட்டினார். அங்கே குழாய்ச் சூடாக்கி வந்த பிறகு பல வீடுகளில் புகைபோக்கியை அடைத்துவிட்டார்களாம். அவர் வீட்டிலும் அடைத்துத்தான் இருந்தது, உள்ளே மெழுகுவர்த்தி வைத்திருந்தார். ஆக நெருப்பு அங்கேயும் இல்லை. அவருக்கு வேண்டியது, உள்ளே வந்ததும் கண் போய்த் தங்க ஓர் இடம்.

சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு மாடம் வைத்தோம். உட்புறச் செங்கல்லைப் பூசாமல் விட்டு, மேல் விளிம்புக்குப் பின்னால் அலுமினியச் சட்டத்துக்குள் எல்இடி ஸ்ரிப் ஒளித்தோம். 2700 கெல்வின், கூட்டிக் குறைக்க டிம்மர். ரீவியை அதற்கு மேலே மாட்டச் சொன்னார் மகள். கழுத்து நோகும் என்று சொல்லிப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினேன். அலுமாரியின் மேல் ஒரு ஸ்ரிப் சீலிங்கைப் பார்த்தபடி, எதிர்ச் சுவரில் இரண்டு சுவர் விளக்கு. திரைச்சேலைக் கம்பியை யன்னலுக்கு மேலே வைக்காமல் சீலிங்கோடு ஒட்ட ஏற்றினோம். செலவு இரண்டு முழத் துணிதான், ஆனால் சுவர் உயர்ந்துவிட்டது. ரீச்சர் மாடத்துக்குள் தன் தாயாரின் வெண்கல வெற்றிலை வட்டாவையும் செம்பையும் கொண்டுவந்து வைத்தார். மகள் கேட்டது மரக்கட்டை. எனக்கு வட்டாதான் சரி என்று பட்டது.

வாட் கணக்கிலும் இது இலாபம். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதம் ஏறியதிலிருந்து முதல் கேள்வியே அதுதான். பழைய 60 வாட் குண்டு பல்ப்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தருகிறது. சுவரில் அடித்தால் அதே வாட்டுக்கு அறை இன்னும் வெளிச்சமாகத் தெரியும்.

எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற டிரைவர் பெட்டியை மட்டும் சீலிங்குக்கு மேலே தூக்கிப் போட விடமாட்டேன். மதியம் சீற்றுக்குக் கீழே அந்த இடைவெளி அவிந்து கிடக்கும். டிரைவருக்குள் இருக்கும் கப்பாசிற்றர் அந்தச் சூட்டில் காய்ந்துபோகும். வீட்டுக்காரர் பல்ப்பைக் குறை சொல்வார். கை எட்டுகிற, காற்றுப் படுகிற இடத்தில் வைத்தால் மாற்றுவதும் சுகம். கடற்கரைப் பக்கம் இரும்புச் சுவர் விளக்கு வேண்டவே வேண்டாம், உப்புக்காற்று தின்றுவிடும்.

சுவர் விளக்கு வேண்டுமென்றால் பூச்சு வேலைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கல்லடியில் மகளின் யோசனை வந்தது பூசி முடித்த பிறகு. வழுவழுவென்று இழுத்திருந்த சுவரில் நான் கட்டரைப் பிடித்தேன். அந்த மேசன் அண்ணன் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.