பழைய வீட்டு பேஸ்மென்ட்டில் குளிரை அடைக்கும் வேலை: இதுவரை

எங்கள் வீடு 1956-இல் கட்டியது. டொரண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தெருத் தெருவாக எழும்பிய ஒரே தளப் பங்களாக்களில் ஒன்று. மேலே செங்கல் முகப்பு. கீழே எட்டு அங்குல கான்கிரீட் பிளாக் சுவரோடு பேஸ்மென்ட். இந்தப் பக்கம் குளிர்காலத்தில் மண் ஏறத்தாழ 1.2 மீட்டர் ஆழம் வரை உறையக்கூடும் என்பதால் அஸ்திவாரம் அதற்கும் கீழே போயாக வேண்டும். அவ்வளவு தோண்டியபின் இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தளமே கிடைத்துவிடுகிறது. கிடைத்த தளம் சும்மா இருக்குமா? எங்கள் வீட்டில் அரிசி மூட்டை, துணி துவைக்கும் இயந்திரம், பிள்ளைகளின் பழைய சைக்கிள், ஊரிலிருந்து வரும் உறவினர் படுக்க ஒரு கட்டில் என்று எல்லாம் அங்கேதான்.

சுவரில் இன்சுலேஷன் என்று ஒன்றும் கிடையாது. வெறும் பிளாக் சுவர் தரும் காப்பு ஆர்-1, மிஞ்சினால் ஆர்-2 (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு; எண் கூடினால் காப்பும் கூடும்). முன்பு இருந்த யாரோ பேஸ்மென்ட்டின் உட்கூரையோரத்தில் மட்டும் பிங்க் நிற ஃபைபர்கிளாஸைத் திணித்து வைத்திருந்தார்கள். ஜனவரியில் கீழே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடிக்கொண்டே இருக்கும், மேலே சமையலறைத் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது.

விலை கேட்கக் கூப்பிட்ட ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே திட்டத்தைச் சொன்னார்கள்: சுவரை ஒட்டி மரச்சட்டம், இடையில் ஃபைபர்கிளாஸ், மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் டிரைவால் என்னும் ஜிப்சம் பலகை. இங்கே பல வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது. எனக்கு அதில் இரண்டு சங்கடம். மண்ணிலிருந்து பிளாக் உறிஞ்சும் ஈரம் உள்பக்கமாகத்தான் காய முடியும். அந்த வழியைப் பிளாஸ்டிக் தாள் அடைத்துவிடும். அப்புறம், ஃபைபர்கிளாஸ் காற்றை நிறுத்தாது, வடிகட்டும், அவ்வளவுதான். கூரையோரத்துப் பிங்க் பஞ்சை உருவிப் பார்த்தபோது சில இடங்களில் அது கரிப்பிடித்துக் கிடந்தது. பூஞ்சணம் என்று பயந்தேன், பெரும்பாலும் தூசிதான். பல ஆண்டுகள் அதன் வழியே காற்று போய்வந்ததற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே முதலில் காற்றைத் தேடினேன். குளிர்காலத்தில் வீடு ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. சூடான காற்று மேலேறி அட்டிக் (கூரைக்கு அடியிலுள்ள பரண்) பக்கத்து இடுக்குகளில் வெளியேறும்; அந்த இடத்தை நிரப்ப அடித்தளத்து இடுக்குகளில் குளிர்காற்று உள்ளே வரும். வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு வேகம். மைனஸ் 12 காட்டிய ஒரு நாள் ஊதுபத்தியை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமா டார்ச் பிடித்தார். "வெள்ளிக்கிழமைகூட இல்லையே மாப்பிள்ளை, எதுக்கு மூலை மூலையா காட்டுறீங்க?" என்றார். கூரையோரத்தில் புகை சட்டென்று உள்பக்கம் மடங்கி ஓடியதும் அவரே ஆர்வமாகி, "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

சுவரின் நடுவில் ஓட்டையே இல்லை. அவ்வளவும் மேல் விளிம்பில்தான். அஸ்திவாரச் சுவரின் தலையில் படுக்கவைத்த கட்டை, அதன்மேல் தரையைத் தாங்கும் ஜாய்ஸ்ட்கள், அவற்றின் முனைகளை மூடி நிற்கும் ரிம் ஜாய்ஸ்ட் பலகை. இவை ஒன்றோடொன்று சேரும் கோடு வீட்டைச் சுற்றி ஓடுகிறது. எழுபது ஆண்டில் மரம் சுருங்கியிருக்கிறது, பிளாக்கின் தலையில் பூசிய காரை உதிர்ந்திருக்கிறது. போதாததற்கு கேஸ் குழாய், வெளிக்குழாய், டிரையர் குழாய், பழைய தொலைபேசிக் கம்பி என்று எது வெளியே போனாலும் அந்த வழியாகத்தான் துளை போட்டுப் போயிருக்கிறது. இன்ஃப்ராரெட் வெப்பமானியை நீட்டியதில் சுவரின் நடுவில் 13 டிகிரி, பஞ்சை எடுத்த ரிம் பலகையில் 3. வீட்டுக் காற்று 21 டிகிரியில் 40 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தால் ஏறத்தாழ 7 டிகிரியிலேயே பனிநீர் படிய ஆரம்பிக்கும். பஞ்சுக்குப் பின்னால் அந்தப் பலகை குளிர்காலம் முழுக்க நனைந்துகொண்டுதான் இருந்திருக்கும். ஊசியால் குத்திப் பார்த்தேன். நல்லவேளை, மரம் கெட்டியாகவே இருந்தது.

ஆனாலும் உடனே ஃபோம் வாங்க ஓடவில்லை. தண்ணீர் வரும் சுவரை மூடினால் தண்ணீர் நின்றுவிடாது, கண்ணில் படாமல் போகும், அவ்வளவுதான். டொரண்டோவில் 2013 ஜூலை 8-இல் ஒரே மாலையில் விமான நிலையப் பக்கம் 126 மில்லிமீட்டர் கொட்டியது. 2024 ஜூலை 16-இல் மறுபடியும் நூறை நெருங்கியது. எத்தனையோ பேஸ்மென்ட்கள் மூழ்கின. அதனால் இளவேனிலை வெளிவேலைக்கே ஒதுக்கினேன். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்களைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நீட்டினேன். சுவரோரம் மண் உள்வாங்கிக் கிடந்த இடத்தில் களிமண் கொட்டி, சரிவு வெளிப்பக்கம் போகும்படி சரிசெய்தேன். உள்ளே வெள்ளைப் பொடி (சுவர் வழியே வரும் ஈரம் காய்ந்து விட்டுப்போகும் உப்பு) பூத்திருந்த இடங்களைத் துடைத்துச் சாக்கட்டியால் வட்டமிட்டு வைத்தேன். கோடை மழைக்குப் பிறகு தெற்கு, கிழக்குச் சுவர்களில் பொடி திரும்பவில்லை. வடக்கில் ஒரு வட்டத்துக்குள் மட்டும் திரும்பியது.

இன்னொன்றையும் முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்: ஆஸ்பெஸ்டாஸ், தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார். அந்தக் காலத்து ஒன்பது அங்குலத் தரை டைல், குழாய்களில் சுற்றிய வெள்ளைத் துணி, ஃபர்னஸ் குழாய் இணைப்பில் ஒட்டிய காகித டேப் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. பிளாக்கின் உள்ளறைகளில் காப்புக்காக வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகள் கொட்டியிருந்தாலும் அப்படியே. மொன்டானாவின் லிபி சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அது 1990 வரை விற்பனையில் இருந்தது. எங்கள் வீட்டில் குழாய் டேப்பை ஆய்வகத்துக்கு அனுப்பினேன், இருக்கிறது என்று வந்தது. அதைத் தொடாமல் விட்டுவிட்டேன். பிளாக்கின் தலையில் உள்ளறைகள் வெறுமையாக இருந்தன.

அந்த வெறுமையும் ஒரு பிரச்சினைதான். எங்கள் சுவரில் மேல் வரிசை பிளாக்குகளின் வாய் பல இடங்களில் திறந்தே கிடந்தது. சுவரின் முகத்தில் எவ்வளவு நல்ல ஃபோம் ஒட்டினாலும், வீட்டுக் காற்று அந்த வாய் வழியாக இறங்கி, உள்ளே குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே விட்டுவரும். ஆகவே அக்டோபரில் தொடங்கிய ரிம் வேலையில் முதல் காரியம் இந்த வாய்களை அடைப்பது. ஃபோம் பலகைத் துண்டை வாய்க்குள் செருகி, சுற்றிலும் டப்பா ஃபோம் (பீய்ச்சினால் உப்பி இறுகும் நுரை) அடித்தேன். அப்புறம் பிளாக்கும் கட்டையும் சேரும் கோடு நெடுக சீலன்ட்.

அடுத்து ஒவ்வொரு ஜாய்ஸ்ட் இடைவெளிக்கும் இரண்டு அங்குல எக்ஸ்.பி.எஸ். என்னும் கெட்டி ஃபோம் பலகை, அங்குலத்துக்கு ஆர்-5 என்றால் ஆர்-10. ஜாய்ஸ்ட்கள் பதினாறு அங்குலத்துக்கு ஒன்று என்றாலும், அந்தக் காலத்து மரம் இன்றையதைவிடச் சற்றுத் தடிமன். ஒரே அளவில் வெட்டிக் குவித்தால் பாதி பொருந்தாது. ஒவ்வொன்றையும் அளந்துதான் வெட்ட வேண்டும். பலகை இறுக்கமாக உட்காரக் கூடாது. சுற்றிலும் கால் அங்குலம் இடம் விட்டால்தான் ஃபோம் குழலின் மூக்கு உள்ளே போய் ஆழம்வரை நிரப்பும். இறுக்கமாக வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும், காற்று பின்னால் ஜாலியாக ஓடும். சும்மா டப்பாவோடு வரும் உறிஞ்சுகுழாயை விட்டு, ஃபோம் துப்பாக்கி வாங்குவது நல்லது. பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரலாம், ஃபோம் ஒரே சீராக வரும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். தலைமுடியில் விழுந்தால் கத்தரிக்கோல்தான் வழி.

புகைபோக்கியைச் சுற்றி ஃபோம் ஆகவே ஆகாது. அங்கே தகரத் தகடும் அதிக வெப்பம் தாங்கும் சீலன்ட்டும். கழிவுக்குழாய் அட்டிக் வரை ஏறும் குழலின் அடியிலும் கைநுழையும் அளவு ஓட்டை இருந்தது. ரிம் முழுவதையும் அடைத்துவிட்டு இதை மறந்தால் பாதி பயன்தான். ஃபோமின் முன்னால் ராக் ஊல் (கல்லை உருக்கி இழைத்த, தீப்பிடிக்காத பஞ்சு), அதன் முன்னால் டிரைவால் துண்டுகள். ஃபோம் தீப்பிடித்தால் மோசமான புகை வரும் என்பதால் கட்டட விதி அதைத் திறந்தபடி விட அனுமதிப்பதில்லை.

வேலைக்கு முன்னும் பின்னும் எனர்கைடு (வீட்டின் எரிசக்திச் செலவை மதிப்பிடும் கனடா அரசுத் திட்டம்) மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டு புளோயர் டோர் சோதனை செய்தேன். வாசற்கதவில் ஒரு விசிறியைப் பொருத்தி வீட்டின் அழுத்தத்தை 50 பாஸ்கல் குறைத்து, அதற்கு எவ்வளவு காற்று உறிஞ்ச வேண்டியிருக்கிறது என்று அளப்பார்கள். அந்த அழுத்தத்தில் மணிக்கு 8.6 முறை மாறிக்கொண்டிருந்த வீட்டுக் காற்று 6.9-க்கு இறங்கியது. இன்றைய புது வீடுகளோடு ஒப்பிட்டால் இது இன்னும் சல்லடைதான். ஆனால் சமையலறைத் தரை வித்தியாசத்தைச் சொல்லிவிட்டது. சுவரில் ஒரு பலகைகூட ஒட்டாத நிலையில் கிடைத்த பலன் இது. ஆர் எண்ணை வைத்தே வியாபாரம் நடக்கும் ஊரில், கூரையோரத்து இந்த ஒரு முழப் பட்டையைப் பற்றி யாரும் வாய் திறக்காதது ஏன் என்று புரிகிறது: வேலை எரிச்சல், லாபம் குறைவு.

சுவர்களில் இப்போதைக்கு தெற்கும் கிழக்கும் முடிந்தன. இரண்டு அங்குலப் பலகைகளை பிளாக்கோடு நேராக ஒட்டினேன். பசையைப் பொட்டுப் பொட்டாக வைக்காமல் மேல், கீழ், ஓரம் எங்கும் தொடர்ச்சியாக இழுத்தால் பின்னால் காற்று சுழலாது. இணைப்புகளுக்கு இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் சிவப்பு டக் (Tuck) டேப். தரையோடு உரசாமல் கொஞ்சம் உயர்த்தி, அந்த இடைவெளியில் ஃபோம். முன்னால் மரச்சட்டம், அதில் ராக் ஊல், பிறகு அரை அங்குல டிரைவால். பிளாஸ்டிக் தாள் இல்லை. இரண்டு அங்குல எக்ஸ்.பி.எஸ். தானே நீராவியைப் போதிய அளவு தடுக்கும்; குளிர்ந்த பிளாக்கை வீட்டுக் காற்று தொடவும் விடாது.

வீட்டை இறுக்கினால் இரண்டு ஆபத்துகள் கூடவே வரும். எங்கள் தண்ணீர் ஹீட்டர் பழைய வகை, அதன் புகை தானாக மேலேறிப் போக வேண்டும். ரிம் அடைத்த அன்றே சமையலறை, குளியலறை விசிறிகளையும் டிரையரையும் ஒன்றாக ஓடவிட்டு, ஹீட்டரையும் எரியவிட்டு, அதன் தலையருகே ஊதுபத்தியைப் பிடித்தேன். புகையை உள்ளே இழுத்துக்கொண்டது, சரி. வெளியே தள்ளியிருந்தால் ஹீட்டரை நிறுத்திவிட்டு கேஸ் ஆளைத்தான் கூப்பிட்டிருப்பேன். கார்பன் மோனாக்சைடு அலாரம் எப்படியும் இருக்க வேண்டும்.

இரண்டாவது ரேடான். மண்ணிலிருந்து வரும் இந்த வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த காரணம் இதுதான். கனடாவின் வழிகாட்டு அளவு கனமீட்டருக்கு 200 பெக்கரல். குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் கருவியை வைத்து அளக்கச் சொல்கிறார்கள். வேலைக்கு முந்தைய குளிர்காலத்தில் 90 சொச்சம் வந்தது. இறுக்கிய வீட்டில் அது கூடலாம், குறையலாம். இன்னொரு கருவி இப்போது கட்டிலுக்கு மேலே தொங்குகிறது.

கோடை பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் வீடுகளில் இது வழக்கம்: "பேஸ்மென்ட் நாறுது, ஜன்னலைத் திற." ஜூலையில் இங்கே வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது பனிநீர் படியத் தொடங்கும் வெப்பநிலை, 18, 20 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. பேஸ்மென்ட் தரை அதைவிடக் குளிர்ச்சி. திறந்துவிட்ட காற்று தரையில் பட்டு வியர்க்கும், நாற்றம் கூடும். ஜன்னலை மூடிவிட்டு டிஹியூமிடிஃபையரை 50 சதவீதத்தில் ஓடவிட்டால் போதும். இதை மாமாவிடம் விளக்கி ஜெயிக்க முடியவில்லை. அவர் தூங்கப் போகும்போது ஜன்னலைத் திறப்பார், நான் பிறகு மூடுவேன்.

பாக்கி இருப்பவை: வடக்குச் சுவர், மின்பலகை இருக்கும் மேற்குச் சுவர், ஒற்றைக் கண்ணாடி போட்ட இரண்டு இரும்புச் சட்ட ஜன்னல்கள். மேற்கில் மின்பலகையைச் சுற்றி வேலை செய்ய உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வந்தபிறகுதான் கைவைப்பேன். வடக்கில் அந்தப் பொடி பூக்கும் வட்டத்துக்கு நேர் வெளியே பக்கத்து வீட்டுக் கூரைக் குழாய் தண்ணீர் கொட்டுகிறது. அந்த வீட்டுக்காரரிடம் பேசியாயிற்று, பனி உருகியதும் இருவரும் சேர்ந்து குழாயைத் திருப்பப் போகிறோம். அடுத்த கோடை மழையிலும் வட்டத்துக்குள் பொடி வராவிட்டால்தான் அந்தச் சுவருக்குப் பலகை வாங்குவேன்.