ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக்குன ரெஸ்யூம்

ஆள் எடுக்குற வேலையில கொஞ்ச வருஷம் இருந்தேன், அப்போ வந்ததுல ஒரு ரெஸ்யூம் இன்னும் மனசுலயே நிக்குது. நல்ல அனுபவம் உள்ள ஆளு. ஆனா ஃபைலைத் திறந்தா, வலது ஓரத்துல வரிசையா நிக்க வேண்டிய வருஷமெல்லாம் ஒண்ணு உள்ள தள்ளி ஒண்ணு வெளிய தள்ளி, ஒரு இடத்துல 2016 மேல வரியிலயும் 2019 கீழ வரியிலயுமா கிடந்துச்சு. மேனேஜர் எட்டிப் பாத்துட்டு "அக்கறை இல்லாத ஆளு போல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

எனக்கு மனசு கேக்கல. வேர்டுல கண்ட்ரோல் ஷிஃப்ட் 8 அழுத்திப் பாத்தேன். வரி முழுக்க புள்ளி புள்ளியா வந்துச்சு, ஒவ்வொரு புள்ளியும் ஒரு தடவை ஸ்பேஸ் தட்டினது. அக்கறை இல்லாமலா இவ்வளவு தட்டியிருப்பார்? அவர் கம்ப்யூட்டர்ல நேராத்தான் இருந்திருக்கும், அவர் போட்ட ஃபான்ட் எங்க சிஸ்டத்துல இல்ல, வேர்டு அதுவா வேற ஒண்ணை எடுத்துக்கிச்சு, எழுத்தோட அகலம் மாறினதும் மொத்தமும் கலைஞ்சு போச்சு.

அதுலேர்ந்து யார் ரெஸ்யூம் காட்டினாலும் முதல்ல இதைத்தான் பாக்குறேன். மேல ரூலர்ல வலது ஓரமா ஒரு ரைட் டேப் (எழுத்து வந்து முடியுற இடத்தைச் சொல்ற குறி) வச்சிடுங்க, கம்பெனி பேரை அடிச்சு டேப் கீயை ஒரே ஒரு தடவை தட்டினா வருஷம் போய் ஓரத்துல ஒட்டிக்கும், ஃபான்ட் மாறினாலும் ஓரம் கலையாது. அடுத்த பக்கம் போக என்டரைத் தட்டிக்கிட்டே இருக்காம கண்ட்ரோல் என்டர். எழுத்து சைஸ் 10லேர்ந்து 12க்குள்ள இருக்கட்டும், ஒரே பக்கத்துல அடக்கணும்னு 8க்கு இறக்குறதுக்குப் பதிலா பழைய வேலையில ரெண்டு வரியை வெட்டலாம். அனுப்பும்போது பிடிஎஃப், அவங்க வேர்டு ஃபைல்தான் வேணும்னு கேட்டாலொழிய.

கலர் டெம்ப்ளேட்டு, ஸ்கில்லுக்கு ஸ்டார் போடுறது இதெல்லாம் எனக்குப் பிடிக்கல, நாலு ஸ்டாருன்னா எவ்வளவு தெரியும்னு யாருக்குப் புரியும்? ஆன்லைன்ல அப்ளை பண்ணினா நிறைய இடத்துல சாஃப்ட்வேர்தான் முதல்ல படிக்குது, பக்கத்தை நெடுக்கா ரெண்டா பிரிச்ச காலம் (column), டெக்ஸ்ட் பாக்ஸ்னு இருந்தா சிலது வரிசையைக் குழப்பிடும், ஹெடர்ல போட்ட போன் நம்பரையும் விட்டுடும். பிடிஎஃப்ல எல்லாத்தையும் செலக்ட் பண்ணி நோட்பேட்ல ஒட்டிப் படிச்சுப் பாருங்க, வரிசையா வந்தா பயமில்ல.

அந்த ரெஸ்யூம்ல ஒரு எழுத்தைக்கூட மாத்தாம ஸ்பேஸை மட்டும் எடுத்துட்டு டேப் வச்சு, பிரின்ட் எடுத்து மேனேஜர் டேபிள்ல வச்சேன். இந்தத் தடவை உக்காந்து முழுசா படிச்சார். ரெஸ்யூம் அனுப்பினவரை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டோம், வந்தப்போ வீட்டுல எடுத்த பிரின்ட்டை ஃபைல்ல மடங்காம வச்சுக் கொண்டு வந்தார், அதுல எல்லா வருஷமும் ஒரே கோட்டுல நேரா நின்னுச்சு.