திருச்சி சாலையும் ஆடிக் காற்றும்: ஒரு மைலேஜ் நாட்குறிப்பு

18 ஜூலை 2025, வெள்ளி

நாளை காலை ஸ்ரீரங்கம், அக்கா வீட்டுக்கு. வேலையாகப் புதுச்சேரி போனவன் திரும்பும் வழியில் முள்ளோடையில் டேங்கை நிரப்பிக்கொண்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம் வாட் வரி குறைவு. லிட்டருக்கு நாலைந்து ரூபாயாவது வித்தியாசம் வரும். இதற்காகவே மஞ்சக்குப்பத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. போக வர இருபது கிலோமீட்டர் ஆகிறது. முப்பது லிட்டர் போட்டால் நூற்றைம்பது ரூபாய் மிச்சம் என்றால், அதில் நூறு ரூபாய் அந்த இருபது கிலோமீட்டரிலேயே எரிந்துவிடும். அந்த வழியாக வரும்போது போட்டுக்கொள்ளலாம், இதற்கென்று போவதில் பயனில்லை.

இந்த ஆடி முழுக்கத் திருச்சிப் பயணங்கள் இருக்கின்றன. பெட்ரோல் எங்கே போகிறது என்று ஒழுங்காகக் கணக்கு வைத்துப் பார்க்கப்போகிறேன். மீட்டரில் காட்டும் மைலேஜை நம்புவதாக இல்லை. ஃபுல் டேங்க், மறுபடி ஃபுல் டேங்க், நடுவில் ஓடிய தூரம், அவ்வளவுதான். பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி முதல் தடவை தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். பங்க்கில் ரூபாயை முழு எண்ணாக்க இன்னும் கொஞ்சம் ஊற்றினால் கணக்கு கெட்டுவிடும்.

19 ஜூலை, சனி

கிளம்புமுன் வீட்டு வாசலிலேயே டயர் காற்றைப் பார்த்தேன். வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரியான அளவு. பண்ருட்டி வரை ஓட்டிவிட்டுப் பார்த்தால் சூட்டில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து காற்றை இறக்கிவிட்டால் சூடு ஆறியதும் டயர் தொய்ந்திருக்கும். எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. ஆள் அதிகம், லோடு அதிகம் என்றால் அதற்குத் தனி அளவும் அதிலேயே உண்டு. பங்க்கில் எல்லா வண்டிக்கும் 35 அடித்துவிடுகிறார்கள். நைட்ரஜன் அடிக்கச் சொல்லி வற்புறுத்தினால் தயங்காமல் மறுக்கலாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

நெல்லிக்குப்பம், பண்ருட்டி, மடப்பட்டில் திருச்சி சாலை. உளுந்தூர்பேட்டை தாண்டியதும் காற்று ஆரம்பித்தது. வேப்பூர், தொழுதூர் பக்கம் மரமில்லாத வெட்டவெளி, மேற்கிலிருந்து நேராக முகத்தில் அடிக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கார் எப்படித் தப்பும்? முள் 80-ல் நிற்கிறது, ஆனால் கால் வழக்கத்தைவிட ஆழமாக மிதித்துக்கொண்டிருக்கிறது.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். அந்த வேகம் சாலையோடு ஒப்பிட்ட வேகம் அல்ல, காற்றோடு ஒப்பிட்ட வேகம். எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், 80-ல் போகும் வண்டி 100-ல் போகும் வண்டியின் தடையைச் சுமக்கிறது. 80-ன் தடையைவிட அது ஒன்றரை மடங்குக்கு மேல்.

திருச்சியில் நிரப்பியபோது லிட்டருக்கு 17.6 கிலோமீட்டர் வந்தது.

20 ஜூலை, ஞாயிறு

அதே சாலை, அதே வேகம், காற்று முதுகில். கடலூரில் நிரப்பிக் கணக்குப் போட்டால் 20.4.

திருச்சி மேட்டில் இருக்கிறது, கடலூர் கடலோரம், அதனால்தான் என்றார் அக்காவின் கணவர், என் மாமா. அதையும் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் ஏறக்குறைய 80 மீட்டர். ஆளோடு சேர்த்து 1100 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்க நூறு மில்லி பெட்ரோலுக்குச் சற்று மேல் போதும். மீதி அவ்வளவும் காற்று செய்த வேலை. ஒரு பக்கப் பயணத்தை மட்டும் வைத்துக்கொண்டு வண்டி மைலேஜ் தரவில்லை என்று மெக்கானிக்கிடம் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். போக வரச் சேர்த்துப் பார்த்தால்தான் வண்டியின் குணம் தெரியும்.

26 ஜூலை, சனி

பெரியப்பா வந்திருந்தார். முப்பது வருஷம் அம்பாசிடர் வாடகைக்கு ஓட்டியவர்.

“ஏம்பா, இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா எண்ணெய் மிச்சம்தானே? நாங்கல்லாம் அப்படித்தான் ஓட்டுனோம்.”

“உங்க வண்டியில கார்புரேட்டர் இருந்தது பெரியப்பா. கியர்ல காலை எடுத்தாலும் பெட்ரோலை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். இப்ப இன்ஜெக்‌ஷன். கியர்ல போட்டு ஆக்சிலேட்டரை விட்டா கம்ப்யூட்டர் பெட்ரோலை மொத்தமா நிறுத்திடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுத்துது. நியூட்ரல்ல போட்டாத்தான் எஞ்சின் அணையாம இருக்க அது குடிக்கணும்.”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப பிரேக்கும் கியரும் சேர்ந்து புடிக்கும்னு சொல்லு” என்றார். பிடித்துவிட்டார். நியூட்ரலில் எஞ்சின் பிடிமானம் போய்விடும், இறக்கத்தில் அது ஆபத்து. அதே சமயம் கியரில் காலை எடுத்தால் வண்டி சீக்கிரம் வேகம் இழக்கும் என்பதும் உண்மை. ஆகவே சும்மா போகிற இடத்தில் அடிக்கடி காலை எடுப்பதில் லாபமில்லை. எப்படியும் வேகம் குறைக்க வேண்டிய இடத்துக்கு முன்னால், எவ்வளவு தூரம் முன்னால் முடியுமோ அவ்வளவு தூரத்திலேயே காலை எடுத்துவிட வேண்டும்.

2 ஆகஸ்ட், சனி

இன்று பெரியப்பாவோடு பேசியதையே செய்து பார்த்துக்கொண்டு போனேன். செங்குறிச்சி டோல், திருமாந்துறை டோல், சமயபுரம் டோல். பலகை கண்ணில் பட்டதும் கால் ஆக்சிலேட்டரை விட்டு வெளியே வந்துவிடும். பின்னால் வண்டி நெருங்குகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஐந்தாவது கியரிலேயே இறங்கி, கடைசியில் மட்டும் பிரேக். மீடியனில் இடைவெளி விட்ட கிராமத்துக் கூட்டுரோடுகளிலும் இப்படியே. டூவீலர்காரர் குறுக்கே வர யோசிக்கிறார் என்பது இருநூறு மீட்டருக்கு முன்பே தெரிகிறது, பார்த்தால்.

பிரேக்கில் எவ்வளவு போகிறது? 1100 கிலோ வண்டியை நிலையிலிருந்து 80-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 35 மில்லி பெட்ரோல் செலவாகிறது, எஞ்சின் எரிப்பதில் நாலில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால். 100-க்கு ஐம்பதைத் தாண்டும். பிரேக்கை அழுத்தி நிறுத்தினால் அப்படிச் சேர்த்த வேகம் டிஸ்க்கில் சூடாகப் போய்விடுகிறது. 80-ல் சீராகப் போனால் அதே 35 மில்லியில் முக்கால் கிலோமீட்டர் வரை ஓடலாம். முன்னால் போகும் லாரிக்கு மூன்று விநாடி இடைவெளி விட்டு ஓட்டுகிறவனுக்குப் பாதி பிரேக் தேவையே இல்லை. லாரி நிழலில் ஒட்டிப் போனால் காற்றுத் தடை குறையும் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். குறையும்தான். ஆனால் லாரி பிரேக் போட்டால் தப்பிக்க இடமிருக்காது. யாருக்கும் அதைச் சொல்லித்தராதீர்கள்.

டிக்கியில் அக்காவுக்குப் பண்ருட்டிப் பலாப்பழம் நாலு, நாற்பது கிலோ இருக்கும். சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போது எடை பெரிய விஷயமே இல்லை. நின்று நின்று கிளம்பும்போதுதான் அது தெரியும். அதே பழத்தை மேலே கேரியரில் கட்டினால் கதை வேறு. கூரைமேல் பெரிய பெட்டி வைத்தால் நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. அதையும் மீறி விரைந்தால் 25 வரை போகும்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபத்தில் காவிரிக்குப் படையல். வண்டியைத் தெற்கு வாசல் பக்கம் எடுக்கவே இல்லை, நடந்தே போனோம். ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்த கார்கள் தெரு முழுக்க.

10 ஆகஸ்ட், ஞாயிறு

ஒரு வாரமாக எல்லாரும் எத்தனால் பற்றியே பேசுகிறார்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் மைலேஜ் போய்விட்டது என்பது வெறும் புலம்பல் அல்ல. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால், கலப்பில்லாத பெட்ரோலைவிட ஏறக்குறைய 7 சதவீத ஆற்றல் குறையும். 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே பழைய வகைக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்கிறது. அந்த நஷ்டம் நம் கையில் இல்லை. ஆனால் 100-ஐ 85 ஆக்கினால் அதைவிட அதிகமாகவே திரும்ப எடுத்துவிடலாம். எனக்கு இது ஆறுதலாக இருக்கிறது.

16 ஆகஸ்ட், சனி

இந்த முறை மாமா கடலூர் வந்து, என் வண்டியில் என்னோடு திருச்சி திரும்பினார். “என்ன மச்சான், எல்லாரும் நம்மைத் தாண்டிப் போறாங்க” என்று உளுந்தூர்பேட்டையிலேயே ஆரம்பித்துவிட்டார். சரி, நீங்களே ஓட்டுங்கள் என்று சாவியைக் கொடுத்தேன். சாலை காலியாக இருந்த இடமெல்லாம் முள் 100-லேயே நின்றது. காற்றும் போன மாத அளவுக்கு இல்லை. நிரப்பியபோது 16-க்குச் சற்று மேல்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து திருச்சி ஏறக்குறைய 120 கிலோமீட்டர். 100-ல் 72 நிமிடம், 80-ல் 90 நிமிடம். தடையே இல்லாமல் ஓட்டினாலும் வித்தியாசம் 18 நிமிடம்தான். நடுவில் மூன்று டோலும் பெரம்பலூர் டீயும் இருக்கின்றன. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர் என்று 1974-ல் உச்சவேகம் வைத்தது, 1995-ல்தான் எடுத்தது என்று சொன்னேன். அது மாமாவை அசைக்கவில்லை. ரசீதைப் பார்த்ததும் அசைந்துவிட்டார். அவருடைய டீசல் வண்டியில் வேளாங்கண்ணிப் பயணத்துக்கு மாட்டிய கேரியர் வருஷக்கணக்காகக் காலியாகவே ஊர் சுற்றுகிறது. நாளை காலை வெயில் ஏறுமுன் அதைக் கழற்றுகிறோம். ஸ்பேனர் செட்டை இப்போதே வெளியே எடுத்து வைத்துவிட்டார்.