சென்னையிலிருந்து லண்டனுக்கு எத்தனை மணி நேரம்?

செப்டம்பர் 3, 2025

அம்மா அக்டோபர் தொடக்கத்தில் லண்டனில் இருக்கும் அக்காவிடம் போகிறார். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "ஆறரை மணி நேரம்தானே?" என்றார். டிக்கெட்டில் புறப்பாடு நம் ஊர் நேரத்திலும் வருகை அந்த ஊர் நேரத்திலும் இருப்பதால் வரும் மயக்கம் இது. பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கும் கோடைக்கால நேரத்தில் லண்டன் நமக்கு நான்கரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. காலை 6 மணிக்கு மீனம்பாக்கத்தில் கிளம்பி அங்கே பகல் 12.30க்கு இறங்கினால், உட்கார்ந்திருப்பது 11 மணி நேரம்.

செப்டம்பர் 6

பழைய உலக உருண்டையில் சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தேன். நூல் குஜராத், சிந்து, ஆப்கானிஸ்தானும் ஈரானும் சந்திக்கும் எல்லைப் பகுதி, வடகிழக்கு ஈரான், காஸ்பியன் கடல், தெற்கு ரஷ்யா, உக்ரைன், ஜெர்மனி என்று வடக்கே ஏறிப் போனது. சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் கோடு போட்டால் அரபிக்கடல், ஈராக், துருக்கி என்று வேறு வழியாகப் போகும். நேர்க்கோடு போலத் தெரிந்தாலும் அதுதான் நீளமான வழி. நூல் காட்டும் மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர்.

செப்டம்பர் 7

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் இந்தத் தூரத்தை ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கடந்துவிட வேண்டும். மீதி நேரத்துக்கான காரணங்களில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், ஏறி இறங்கும்போது வேகம் குறைவதும் சிறியவை. பெரிய காரணம், நூல் காட்டிய பாதையில் இன்று முழுமையாகப் பறக்க முடியாது என்பதே. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. அதே மாதத்திலிருந்து பிரிட்டிஷ் விமானங்கள் ரஷ்யாவுக்கு மேலே பறக்க முடிவதில்லை. இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளி இந்த ஆண்டு ஏப்ரல் முதல் மூடியிருக்கிறது. எனவே எந்த விமானமானாலும் தெற்கே ஒதுங்கித்தான் ஐரோப்பாவுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாத இந்தப் போர்களின் பாரத்தை, எரிபொருளாகவும் நேரமாகவும் ஒவ்வொரு பயணியும் சுமக்கிறார் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

செப்டம்பர் 11

திரும்பி வரும் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறைவு. பூமி சுழல்வதால் ஊர் நம்மை நோக்கி வந்துவிடுகிறது என்று மாமா சொன்னார். ஆனால் காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அது காரணமாகாது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது இந்தக் காற்று உந்தியதால், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பயணிகள் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக அதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

செப்டம்பர் 14

அம்மா நவம்பரில் திரும்புகிறார். அக்டோபர் 26 அன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவதால் வித்தியாசம் ஐந்தரை மணி நேரமாகிவிடும். அங்கே பகல் 1.30க்குக் கிளம்பினால், பத்து மணி நேரம் கழித்து இங்கே விடியற்காலை 5 மணி. அம்மாவின் சர்க்கரை மாத்திரைகளை எந்த ஊர்க் கடிகாரப்படி சாப்பிடுவது என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். இரண்டு பயணங்களின் மணிக்கணக்கையும் தனித்தனியாகத் தாளில் எழுதி, நாளை அவரிடம் கொண்டுபோகிறேன்.