ஜிகரில் அடங்காத காரம்

கப்பல் பாரில் எல்லாமே மில்லிலிட்டர் கணக்கு. கெஸ்ட் எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் சரி, டிப்ஸ் எவ்வளவு வைத்தாலும் சரி, ஜிகர் என்ற சின்ன அளவுக் கிண்ணத்தில் அளக்காமல் ஒரு சொட்டுகூட கிளாஸுக்குள் போகாது. ஸ்டாக் எடுக்கும்போது விற்ற கணக்கும் பாட்டில் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு திருச்சியிலிருந்து கப்பலேறிய எனக்கு முதலில் கைவந்தது இந்த அளவுதான். ஆனால் எங்கள் பாரில் அடிக்கடி போகும் காரமான மார்கரீட்டா காக்டெய்லில், ஜனங்கள் எதற்காக அதைக் கேட்டு வாங்குகிறார்களோ அந்தப் பொருளுக்கு மட்டும் அளவு கிடையாது. மிளகாய்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கமிருந்து கிளம்பி, கபோ சான் லூகாஸ், மசாத்லான், புவேர்ட்டோ வயார்ட்டா என்று மெக்சிகோவின் மேற்குக் கரையோரமாகப் போய்த் திரும்பும் ரூட் எங்களுடையது. புவேர்ட்டோ வயார்ட்டா இருப்பது ஹலிஸ்கோ மாநிலத்தில். மார்கரீட்டாவில் ஊற்றும் டெக்கீலா மதுவுக்குப் பெயர் கொடுத்த டெக்கீலா என்ற ஊர் இருப்பதும் அதே மாநிலத்தில்தான். கரை தொடாத நாளில் மதியவேளை காக்டெய்ல் வகுப்பு வைப்போம். பெரும்பாலும் ரிட்டையர் ஆனவர்கள், தேனிலவு ஜோடிகள். கடைசியில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "இதையே வீட்டில் செய்யணும்னா எப்படி?"

மிளகாயைத் தவிர மற்றதைச் சொல்வது சுலபம். டெக்கீலா 60, எலுமிச்சைச் சாறு 30, அகாவே பாகு (டெக்கீலா காய்ச்சும் கற்றாழை போன்ற செடியின் இனிப்புப் பாகு) 15 மில்லி. பாகு கெட்டியாக இருந்தால் சம அளவு வெந்நீர் விட்டுக் கலக்கி ஆறவைத்துக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் ஐஸில் பட்டதும், குலுக்கிக் கலக்கும் ஷேக்கரின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆரஞ்சு மது சேர்ப்பதுதான் பழைய முறை. அதை எடுத்துவிட்டு அகாவே பாகை வைத்தவர் சான் பிரான்சிஸ்கோவின் 'டாமிஸ்' உணவகத்தைச் சேர்ந்த ஹூலியோ பெர்மெஹோ, 1990 வாக்கில். காரம் போடுவதாக இருந்தால் எனக்கு அவர் வழிதான் சரி. மிளகாயின் பச்சை வாசனையும் ஆரஞ்சுத் தோலின் வாசனையும் ஒரே கிளாஸில் சண்டை போட்டுக்கொள்ளும்.

டெக்கீலா வாங்கும்போது லேபிளில் '100% அகாவே' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இல்லையென்றால் அதன் சர்க்கரையில் 51 சதவீதம் அகாவேயிலிருந்து வந்திருந்தாலே சட்டத்துக்குப் போதும். மிச்சம் வேறு சர்க்கரையாக இருக்கலாம். பீப்பாயில் வைக்காத பிளாங்கோ போதும். பீப்பாயில் ஊறிய ரெப்போசாடோவை இதில் ஊற்றுவது காசுக்குக் கேடு.

இனி மிளகாய். பெரும்பாலான பார்களில் ஹலபீன்யோ என்ற மெக்சிகோப் பச்சைமிளகாய்த் துண்டுகளை ஷேக்கரில் போட்டு மரக்கட்டையால் இடிப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும், கெஸ்ட் போட்டோ எடுப்பார். ஆனால் ஒரே செடியில் காய்த்த இரண்டு மிளகாய் ஒரே காரமாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஹலபீன்யோவை, காரத்தைக் கணக்கிடும் ஸ்கோவில் அளவில் 2,500 முதல் 8,000 வரை என்று போடுகிறார்கள். அதாவது ஒன்றைவிட இன்னொன்று மூன்று மடங்கு உறைக்கலாம். "போன தடவை குடித்ததே மாதிரி இன்னொன்று" என்று கெஸ்ட் கேட்கும்போது இடிக்கிறவன் கையில் என்ன இருக்கிறது? தோலில் வெள்ளை வெள்ளையாகக் கீறல் விழுந்த காயை வைத்து இது உறைக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். அதற்கு மேல் அதிர்ஷ்டம்தான்.

அதனால் நான் ஊறவைக்கும் கட்சி. 750 மில்லி பாட்டிலுக்கு இரண்டு ஹலபீன்யோ. நீளவாக்கில் கீறி, நடுவில் வெள்ளையாக இருக்கும் சதையைச் சுரண்டி எடுத்துத் தனியே வைத்துக்கொள்வேன். காரம் பெரும்பாலும் அங்கேதான் உற்பத்தியாகிறது. விதை அதில் ஒட்டிக்கொண்டிருப்பதால் பழியைச் சுமக்கிறது, அவ்வளவுதான். தோலை மட்டும் டெக்கீலாவில் போட்டு, அரை மணி கழித்து ஒரு ஸ்பூன் நாக்கில் விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு அரை மணிக்கொரு தடவை. போதவில்லை என்றால் எடுத்து வைத்த வெள்ளைச் சதையில் கொஞ்சம். சுருக்கென்று பிடித்து, விழுங்கிய பிறகு மெல்ல அடங்கினால் வடிகட்டிவிடலாம். தொண்டையைக் கமறினால் தாண்டிவிட்டது என்று அர்த்தம். வெறும் டெக்கீலாவைச் சேர்த்து இறக்கிக்கொள்ளலாம். மிளகாய் காரம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஆல்கஹாலில் வேகமாகக் கரையும். ஆகவே இரவு போட்டுவிட்டுக் காலையில் பார்க்கிற வேலை இது இல்லை. நேரம் ஆக ஆகக் காரத்தோடு பச்சைக் கசப்பும் இறங்கும். காரத்தைக் குறைக்கலாம், கசப்பை ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு பாட்டில் முழுக்க ஒரே காரம் என்பதுதான் இதில் லாபம். கப்பலில் இப்படி ஊறவைத்த பாட்டிலில் என்ன இருக்கிறது, எப்போது போட்டது என்று லேபிள் ஒட்டியே ஆகவேண்டும். அமெரிக்கத் துறைமுகத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர்கள் சொல்லாமல் ஏறுவார்கள். நூற்றுக்கு 85 அல்லது அதற்குக் கீழே வாங்கினால் கப்பலே ஃபெயில். அந்தப் பயத்தில் வந்த பழக்கம் என் வீட்டு ஃப்ரிட்ஜ் வரைக்கும் தொற்றிவிட்டது. இட்லி மாவுக்குக்கூடத் தேதி எழுதி வைக்கிறேன் என்று அம்மா சிரிக்கிறார்.

பூல் பாரில் ஷிஃப்ட் என்றால் இன்னொரு ஜாக்கிரதை. வெட்டவெளியில் எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் நிற்கக் கூடாது. சாறு பட்ட இடம் வெயிலில் வெந்து கொப்பளித்து, பிறகு வாரக்கணக்கில் கறுத்துப்போய்க் கிடக்கும். வீட்டில் மொட்டைமாடியில் பார்ட்டி வைக்கிறவர்கள் பிழிகிற வேலையை உள்ளேயே முடித்துக்கொள்வது நல்லது. மிளகாய் நறுக்கிய கைக்கு சோப்புதான். வெறும் தண்ணீரில் அலசிவிட்டு கான்டாக்ட் லென்ஸைத் தொட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

காரம் தாங்காத கெஸ்டும் முதலில் தண்ணீர்தான் கேட்பார். கொடுப்போம், மறுக்க முடியாது. கொடுத்துவிட்டு எதிரே இருக்கும் ஐஸ்கிரீம் மெஷினைக் கை காட்டுவோம். பால் புரதமும் கொழுப்பும் காரத்தைக் கழுவிக்கொண்டு போகும். சுடுதண்ணீர் பட்டால் எந்த நரம்பு அலறுகிறதோ அதே நரம்பைத்தான் மிளகாயும் தொடுகிறது. அந்த உணர்வியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆல்கஹாலும் தன் பங்குக்கு அதே இடத்தைத் தூண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஷேக்கரைக் குலுக்குவதில் எனக்கு அக்கறை கூடிவிட்டது. ஷேக்கர் நிறைய ஐஸ் போட்டு, உலோகத்தில் பனி பூக்கும்வரை, பத்துப் பன்னிரண்டு நொடி. சில்லென்று இருக்கும்வரை காரம் அடங்கிக் கிடக்கும். கிளாஸ் சூடேற ஏறத் தலைதூக்கும். கண்ணிக் கரண்டியில் வடித்து, புது ஐஸ் மேல் ஊற்ற வேண்டும். உப்பும் மிளகாய்த்தூளும் விளிம்பில் பாதிச் சுற்று போதும். குடிப்பவர் வேண்டாமென்றால் மறுபக்கம் உதடு வைத்துக்கொள்ளட்டும்.

என்னோடு வேலை பார்த்த ஹலிஸ்கோக்காரர் ஒருவருக்கு இந்த மார்கரீட்டா வெறியெல்லாம் கொஞ்சம் வேடிக்கை. அவர் வீட்டில் டெக்கீலாவைச் சின்னக் கிளாஸில் ஊற்றி, பக்கத்தில் சங்ரீட்டா வைப்பார்களாம். ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சை, மிளகாய்த்தூள். அதில் மது கிடையாது. இது ஒரு வாய், அது ஒரு வாய். "காரத்தைத் தனிக் கிளாஸில் வைத்துவிட்டால் யாருக்கு எவ்வளவு என்று நான் ஏன் கவலைப்படணும்?" என்பார். என்னிடம் பதில் இல்லை. வயார்ட்டாவில் இறங்கினால் அவர் மார்க்கெட்டில் பொடி எலுமிச்சையாக வாங்குவார். விதையோடு, மெல்லிய தோலோடு, நம் திருச்சி காந்தி மார்க்கெட்டில் கூடையில் குவித்திருக்கும் அதே சாதி. கப்பலுக்கு வருகிற பெரிய விதையில்லாத பச்சைக் காயில் அந்த வாசனை கிடையாது. ஆக, ஊரில் இதைச் செய்கிறவர்களுக்கு எலுமிச்சை விஷயத்தில் எங்களைவிட யோகம்.

மிளகாய் விஷயத்தில்தான் நம்மவர்களுக்கு அசட்டு தைரியம். என்னோடு படித்து, இப்போது ஆஸ்டினில் ஐடியில் இருக்கும் நண்பன் ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டான். "மச்சி, ஹலபீன்யோ எல்லாம் நமக்குக் காரமாடா? தாய்லாந்து மிளகாய் ஒரு பிடி கீறிப் போட்டு ராத்திரி முழுக்க வச்சுட்டேன்." தாய்லாந்து மிளகாய் 50,000 ஸ்கோவிலுக்குக் குறையாது. "குடிச்சியா?" என்றேன். "நான் குடிக்கல. மாமனாருக்கு ஊத்தினேன்" என்றான்.

கொட்டிவிடப் போகிறான் என்று தடுத்தேன். மிளகாயை வடித்து எடுத்துவிட்டு, பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து, சாதா டெக்கீலாவில் போட்ட மார்கரீட்டாவில் கால் டீஸ்பூன் மட்டும் விடச் சொன்னேன். அப்படித்தான் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறானாம். பாட்டில் கழுத்துக்குக் கீழே இன்னும் இறங்கவில்லை. மாமனார் இப்போதெல்லாம் பீர் மட்டும்தான்.